மோர்ப் பந்தலுக்குப் போன தோங்குகள்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் என் கணவர் முந்திக்கொள்வார். "குப்பைக்கு ஜாதகம் எழுதுறா" என்பார். கேட்டவர் சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

ஜாதகம்தான், ஒத்துக்கொள்கிறேன். கூலாயில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் தொழிற்சாலையில் கதவுக் கீல்களுக்கும் திருகாணிகளுக்கும் முலாம் பூசுகிறார்கள். முலாம் பூசினால் கழிவு வரும். அதை நினைத்த இடத்தில் கொட்டிவிட முடியாது. அட்டவணைக் கழிவு என்று சட்டம் ஒரு நீளமான பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தொட்டியின் அடியில் தங்கும் உலோகச் சேறு இருநூற்று நான்கு. இரசாயனம் துடைத்த துணி நானூற்றுப் பத்து. இரசாயனம் நிரப்பி வந்த தோங் இருக்கிறதே, அந்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், அது காலியான பிறகு நானூற்று ஒன்பது. எண்ணையும் உள்ளே இருந்த சரக்கின் பெயரையும் எழுதி, ஆபத்துச் சின்னம் போட்ட லேபிளை ஒட்டி, கொட்டகையில் பூட்டி வைத்து, உரிமம் உள்ள லோரி வரும்போது கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கையெழுத்து என்னுடையது. கொட்டகைச் சாவி என்னிடம் ஒன்று, ஸ்டோரில் ஒன்று. ஸ்டோர் சூப்பர்வைசர் என் கணவர் ஹேமநாதன்.

சேற்றை வீட்டுக்குத் தூக்கிப்போக யாரும் ஆசைப்படுவதில்லை. இந்தக் காலித் தோங்தான் ஏழரை. நல்ல கனம், இறுக்கமான மூடி, ஒரு கீறல் இருக்காது. பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. தண்ணீர் வெட்டுக்குப் பிடித்து வைக்கலாம், கல்யாண வீட்டுக்குக் கொடுக்கலாம். முன்பிருந்த மேனேஜர் தீபாவளிக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்து அனுப்புவாராம். அதை இன்னமும் ஸ்டோரில் பெருமையாகச் சொல்வார்கள். "கழுவுனா போச்சு" என்பது அங்கே கிட்டத்தட்ட மந்திரம்.

கழுவினால் போகாது. அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் போனது. எங்களுக்கு வரும் நீலத் தோங்குகளில் சிலவற்றில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் சோப்பு இருக்கும். சிலவற்றில் குரோமியம் கலந்த மஞ்சள் திரவம். அந்த மஞ்சள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிடும். தேய்த்துக் கழுவினால் நிறம் போகும், சரக்கு கொஞ்சம் உள்ளேயே நிற்கும். பிறகு எதை ஊற்றினாலும் அதில் மெல்ல இறங்கும். புளிப்பை ஊற்றினால் இன்னும் வேகமாக இறங்கும்.

அன்று சனிக்கிழமை. செடெனாக்கில் எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழா. ஹேமநாதன் கோவில் கமிட்டிச் செயலாளர் என்பதால் விடிவதற்கு முன்பே மகள் ரூபினியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளுக்கு இந்த வருடம் முதல் பால்குடம். மஞ்சள் பாவாடையைக் கட்டிக்கொண்டு படுத்துத் தூங்கியிருந்தாள். நான் தொழிற்சாலைக்குப் போய்க் கழிவு லோரியை அனுப்பிவிட்டு, மதியத்துக்குள் கோவிலில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. அதற்கு முன்பு சிகாமட்டில் சின்னம்மா மகன் கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தேன். முந்தின நாள் இரவுதான் திரும்பினேன்.

லோரிக்காரரை வைத்துக்கொண்டு கொட்டகையைத் திறந்தேன். நீலத் தோங் வரிசையில் இடைவெளி விழுந்திருந்தது. மூன்று இல்லை. சிமெண்டுத் தரையில் அவை இருந்த இடம் மட்டும் வட்டமாக, தூசியில்லாமல் தெரிந்தது.

வாசல் காவலுக்கு நிற்கும் ஜாகாவைக் கூப்பிட்டேன். நேப்பாளி, நல்ல மனிதர். எங்களுடன் மலாயில்தான் பேசுவார். கோவிலுக்கு வேண்டும் என்று ஹேமா பாஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனாரே என்றார். நான் பார்த்த பார்வையில் அவருக்கே சந்தேகம் வந்து, "மேடம்தான் கொடுக்கச் சொன்னதாகச் சொன்னார்" என்று சேர்த்துக்கொண்டார்.

மேடம்தான் கொடுக்கச் சொன்னாளாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

கோவிலுக்குத் தோங் எதற்கு என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. ஊர்வலம் தோட்டத்துச் சாலையைச் சுற்றிக்கொண்டு வெயிலில் திரும்பி வரும். வாசலில் தண்ணீர்ப் பந்தல் இருக்கும். பந்தலில் வருடா வருடம் மோர். உப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு நன்றாகப் புளித்த மோர். பால்குடம் எடுத்த பிள்ளைகளுக்குத்தான் முதல் கோப்பை.

ஹேமநாதனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவருடைய அக்கா செல்வராணி அண்ணிக்கு அடித்தேன். பந்தலை நடத்துவது அவர்தான். அவரும் எடுக்கவில்லை. உறுமி மேளம் பக்கத்தில் அடிக்கும்போது எவருக்கு போன் கேட்கும். "மோர யாருக்கும் குடுக்காதீங்க, அந்தத் தோங் விஷம்" என்று குரல் பதிவு அனுப்பினேன். சாம்பல் நிற டிக் ஒன்றோடு அது அப்படியே நின்றது. லோரிக்காரரை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

செடெனாக் போகும் பழைய சாலையில் இப்போதெல்லாம் கார் ஓட்டுவதற்குப் புண்ணியம் செய்திருக்க வேண்டும். டேட்டா சென்டர் கட்டுகிறோம் என்று மண் ஏற்றிய லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. நடுவில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வேறு. முந்தப் பார்த்தால் எதிரே இன்னொரு லோரி. ஹாரனை அழுத்திப் பிடித்தேன். முன்னால் போனவன் கையை வெளியே நீட்டி ஏதோ காட்டினான். நான் கண்ணாடியை இறக்கி, எனக்குத் தெரிந்த மலாய்க் கெட்ட வார்த்தைகளையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவனுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் மறுபடி போன். மணி அடித்து அடித்து நின்றது. ரூபினிக்கு மோர் என்றால் உயிர். ஒரு கோப்பையோடு நிற்க மாட்டாள். வெயிலில் நடந்து வந்து, தாகத்தில், இரண்டாவது கேட்பாள். அப்பா கமிட்டி என்பதால் மூன்றாவதும் கொடுப்பார்கள். இந்த நினைப்பு வரவர என் கால் தானாகவே எண்ணெய் மிதியை அழுத்தியது.

கோவிலில் கார் நிறுத்த இடமில்லை. சாக்கடை ஓரத்தில் சாய்த்து நிறுத்திவிட்டு ஓடினேன். ஊர்வலம் இன்னும் வந்து சேரவில்லை. உறுமிச் சத்தம் மட்டும் செம்பனைகளுக்குப் பின்னால் கேட்டது. அப்பாடா என்று இருந்தது.

பந்தலில் என் மூன்று தோங்குகளும் நின்றன. மேலே மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகி, சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். பக்கத்து மேசையில் அம்மன் படம், காகிதக் கோப்பைகள். வெள்ளை வேட்டியும் மஞ்சள் துண்டுமாக ஹேமநாதன் நின்று மோரைக் கலக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என்னைப் பார்த்ததும் கீழே பார்த்தார்.

"சப்பாத்த கழட்டிட்டு வா. அம்மன் படம் வச்சிருக்கு."

தொழிற்சாலைச் சப்பாத்தோடு வந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கழற்றிப் பந்தல் காலோரம் வைத்தேன்.

"இந்தத் தோங்க எங்கேருந்து எடுத்தீங்க?"

"மெதுவா பேசு லா."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"தெரிஞ்சுகிட்டே கேக்குற. பழைய தோங் எல்லாம் வெடிச்சுப் போச்சு. கடைசி நேரத்துல நான் எங்க போவேன்? நானே கழுவினேன், ஷர்மினி. சோப்பு போட்டு மூணு தடவ. மோந்து பாரு, வாசன கூட இல்ல."

"கழுவுன தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

அவர் கோவிலுக்குப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வாய்க்கால்.

"லேபிள் எங்க?"

"கிழிச்சுட்டேன். கோயில்ல மண்டையோடு படத்தையா ஒட்டி வைக்க முடியும்?"

"எதுல சோப்பு இருந்துச்சு, எதுல மஞ்சள் இருந்துச்சு?"

"எல்லாம் நீலமாத்தான இருக்கு."

வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனை முறை சொல்லியிருப்பேன். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருக்கிறார். வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். இவர் என்னோடு படுத்து எழுகிறவர்.

சத்தம் கேட்டுக் கமிட்டித் தலைவர் காளியப்பன் வந்தார். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் அதட்டாமல் பேசிக் காரியத்தை முடிப்பவர் என்று பெயர். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமும் வந்தது.

"என்னம்மா, நல்ல நாளும் அதுவுமா?"

"அண்ணே, இந்த மோர யாரும் குடிக்கக் கூடாது. இது கெமிக்கல் வந்த தோங். குரோமியம்."

"அப்படின்னா?"

"விஷம்ணே. புத்துநோய் வர்ற சரக்கு."

"கழுவிட்டதா ஹேமா சொல்றாரே. இப்ப இதுல எவ்வளவு விஷம் இருக்கு?"

நியாயமான கேள்விதான். அதுதான் என்னை மடக்கியது. "அத டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்" என்றேன்.

"அப்ப உனக்கும் தெரியாது."

"தெரியாததாலதாண்ணே குடிக்கக் கூடாது. சட்டத்துலயே இருக்கு. இது நானூத்தி ஒம்போது. கழுவினாலும் நானூத்தி ஒம்போதுதான்."

"நாலு நம்பர் லாட்டரிக்கு இன்னும் ஒண்ணு வேணுமே" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். காளியப்பன் அண்ணன்கூட மீசைக்குள் சிரித்தார். ஹேமநாதன் சிரிக்கவில்லை. அவருக்குக் காது சிவந்திருந்தது.

"ஆபீஸ்ல பெரிய படிப்பு படிச்சிருக்க, சரி" என்றார் செல்வராணி அண்ணி, கையில் அகப்பையோடு. "எங்க வீட்டுல பதினஞ்சு வருசமா இந்த மாதிரி தோங்லதான் தண்ணி பிடிக்கிறோம். யாரு செத்துப்போனா? தம்பி விடியறதுக்கு முன்னயிருந்து உழைச்சிருக்கான். எல்லாரு முன்னாடியும் அவன அவமானப்படுத்தாத."

"நான் அவர அவமானப்படுத்தல அண்ணி. பிள்ளைங்க குடிக்கப் போகுதுன்னு சொல்றேன்."

"உனக்கு அவன் கமிட்டியில இருக்கிறதே பிடிக்காது."

பேச்சு எங்கே போகிறது பாருங்கள். நான் தோங்கைப் பற்றிப் பேசுகிறேன், அவர்கள் என் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். உறுமிச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. வளைவில் தேரின் உச்சி தெரிந்தது. அதற்கு முன்னால் மஞ்சள் மஞ்சளாகப் பால்குடங்கள். இவ்வளவு தூரத்திலும் முதல் வரிசையில் ரூபினியை எனக்கு அடையாளம் தெரிந்தது. நடக்கத் தெம்பில்லாமல் கழுத்தைச் சாய்த்து வந்துகொண்டிருந்தாள்.

"தலைவரே, தண்ணி போத்தல் வாங்கி வரச் சொல்லுங்க. நான் போறேன். கொஞ்சம் பொறுங்க" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

அப்போதுதான் ஹேமநாதன் அதைச் செய்தார். மேசைக்குப் போய், அம்மன் படத்துக்குப் பக்கத்தில் தட்டுப் போட்டு மூடியிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். அதில் மோர் இருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "இந்தா, நானே குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா எல்லாரும் குடிக்கலாம்" என்று சொல்லி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடிக்கப் போவதற்குள் டம்ளர் காலி.

நான்கைந்து பேர் கைதட்டினார்கள். அண்ணி அகப்பையை மோருக்குள் விட்டு முதல் கோப்பையை நிரப்பினார். இரண்டாவதை நிரப்பினார். ஊர்வலம் வாசலைத் தொட்டது. ரூபினி என்னைப் பார்த்துவிட்டு, குடத்தைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியாமல் கண்ணாலேயே சிரித்தாள். பிறகு கோப்பைகளைப் பார்த்தாள்.

யோசித்துச் செய்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். யோசிக்கவில்லை. குனிந்து சப்பாத்தை எடுத்தேன். கழிவுக் கொட்டகைத் தரையை மிதித்து வந்த சப்பாத்து, அடியில் எண்ணெயும் மண்ணும். ஒன்றை முதல் தோங்குக்குள் போட்டேன். மற்றதை இரண்டாவது தோங்குக்குள் போட்டேன். மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. அண்ணி கழற்றி வைத்திருந்த ரப்பர் ஜப்பான் செருப்பு காலடியில் கிடந்தது. அதைப் போட்டேன். மேலே தெறித்த மோர் அண்ணியின் சேலையெல்லாம்.

உறுமி நின்றுவிட்டது.

எவ்வளவு செருப்பு என்று யாரும் கேட்கவில்லை. எடுத்துவிட்டுக் குடிக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. டெஸ்ட் பண்ணினாயா என்று கேட்கவில்லை. அண்ணி கையிலிருந்த கோப்பைகளைக்கூடக் கீழே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தார். இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாதது ஒரு நொடியில் எல்லாருக்கும் ஏறிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

"பாவி" என்றார் அண்ணி. "அம்மன் பந்தல்ல செருப்பப் போட்டுட்டியே. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

காளியப்பன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அருவருப்புதான் இருந்தது. "டேய், இத கொண்டுபோய் வாய்க்கால்ல கொட்டுங்கடா" என்றார் யாரிடமோ.

"கொட்டாதீங்கண்ணே" என்றேன். "தோங்ல ஊத்துனதுமே அதுவும் கழிவுதான். மூடிய இறுக்கிப் போட்டு ஓரமா வைங்க. யாரும் தொடாதீங்க. கம்பெனிக்குச் சொல்லி நானே எடுக்க ஏற்பாடு பண்றேன்."

"இன்னும் நீ சட்டம் பேசுறியா?" என்றார். ஆனாலும் மூடியைப் போடச் சொன்னார். பிறகு ஹேமநாதன் பக்கம் திரும்பினார். "உன் பொண்டாட்டிய கூட்டிக்கிட்டு போப்பா. கமிட்டி விசயம் பிறகு பேசிக்கலாம்."

ஹேமநாதன் தோளில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து மடித்தார். மடித்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்தக் கோவிலில் சாமி தூக்கத் தொடங்கிய வயதிலிருந்து அவர் இல்லாத திருவிழா இல்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் இருந்தும் அந்த நிலையில் பார்க்கச் சகிக்கவில்லை.

எதிர்க்கடையிலிருந்து யாரோ தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். ரூபினிக்கு நானே ஒன்றைத் திறந்து குடிக்கக் கொடுத்தேன். பாதி வாயில், பாதி சட்டையில். "மோர் இல்லியாம்மா?" என்றாள். இல்லை என்றேன். பால் அபிஷேகத்துக்கு வரிசை நகர்ந்தது. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் அவளை மட்டும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அண்ணிக்கு என்மேல்தான் கோபம், பிள்ளைமேல் இல்லை.

வெறும் காலோடு, கொதிக்கிற தாரில் காருக்கு நடந்தேன். திட்டுவது முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

பக்கத்துக் கதவு திறந்தது. ஹேமநாதன் ஏறி உட்கார்ந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நானும் தயாரானேன். கேட்பதற்கு என்னிடமும் நிறைய இருந்தது. அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷர்மினி."

"சொல்லுங்க."

"நான் குடிச்சேன்ல. எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகாது என்று சொல்லிவிடலாம். ஒரு டம்ளர்தான், கழுவிய தோங்தான். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. "தெரியலைங்க" என்றேன். "எந்தத் தோங்ல மொண்டீங்க?"

"நடுவுல உள்ளது. இல்ல... முதல்லதா? எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வாந்தி எடுத்தா சரியாயிடுமா?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. கூலாய் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

சாவியைத் திருகினேன். முதல் முறை பிடிக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்றிருந்தது.

"அந்த டம்ளர்" என்றார். "கலக்குனதுமே மொத மொதல்ல அததான் மொண்டேன். பாப்பா வெயில்ல வருவான்னு, அவளுக்குன்னு தட்டு போட்டு மூடி வச்சிருந்தேன்."

அவர் கையை விடாமலே மறுபடி சாவியைத் திருகினேன்.